கடைசி ஆட்டமும் ஆவணி முகூர்த்தமும்

வார இறுதிக் கால்பந்து அணிக்கு மேனேஜராக இருப்பது, ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தலையில் தூக்கிக்கொள்கிற வேலை. வலை கட்ட வேண்டும், மூலைக்கொடி நட வேண்டும், ஜெர்சி துவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நாளைக்கு வருவீர்கள்தானே என்று கெஞ்ச வேண்டும். ஊர்ச் சங்கத்தையோ கோயில் விழாவையோ சம்பளமில்லாமல் நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில், நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய தமிழர்களின் அணி ஒன்றை இப்படிப் பல வருடங்களாக மேய்த்து வருகிறேன். அதில் சில காலம் ஓர் இத்தாலிக்காரரும் ஆடினார்.

ஹீட் பம்ப் மாட்ட வந்தவர்

எங்கள் கேப்டன் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர், பஸ் ஓட்டுகிறார். அவர் வீட்டில் குளிருக்கு ஹீட் பம்ப் மாட்ட, பக்கத்து ஹில்ஸ்பரோவிலிருந்து பாவ்லோ என்பவர் வந்தார். பேச்சோடு பேச்சாக, இத்தாலியில் தொழில்முறைக் கால்பந்து ஆடி ஓய்வு பெற்றவன் என்று சொல்லியிருக்கிறார். சிவநேசன் நம்பாமல் போனில் தேடினார். தலை நிறைய முடியோடு அதே முகம் வந்தது. வீடு சூடேறுவதற்குள் பாவ்லோ எங்கள் அணியில் சேர்ந்துவிட்டார்.

தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் கோலாக அடித்துக் குவிப்பார் என்று அவரை முன்வரிசையில் நிறுத்தினோம். அவரோ நடுக்களத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர். நாங்கள் பார்க்காத நேரமெல்லாம் மெதுவாக நடுவுக்கு வந்து, பந்தை வாங்கி யாருக்காவது கொடுத்துக்கொண்டே இருந்தார். தோற்றோம். சென்னையிலிருந்து வந்த சாஃப்ட்வேர்காரர் கார்த்திக், ஆட்டம் முடிந்ததும் மிகவும் பணிவாக, நீங்கள் மொத்தம் எத்தனை கோல் அடித்திருப்பீர்கள் என்று கேட்டார். பாவ்லோ ஒரு கை விரல்களைக் காட்டினார். பிறகு யோசித்து ஒன்றை மடக்கிக்கொண்டார். அப்படியானால் எதற்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது இது: "என்னைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறவனிடம் பந்தை ஒழுங்காகக் கொடுப்பதற்கு."

இடைவேளையில் ரோல்ஸ்

மற்ற அணிகள் இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை சாப்பிடும். எங்கள் அணியில் மட்டன் ரோல்ஸ். சிவநேசனின் மனைவி சாந்தி பொரித்து, சூடு ஆறாமல் துணி சுற்றி அனுப்புவார். முதல் நாள் அதைப் பார்த்த பாவ்லோ, ஆட்டம் முடிந்துவிட்டதா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். இரண்டாம் பாதியில் எங்கள் பின்வரிசை அசையாமல் நின்றபோது, அதன் காரணமும் அவருக்கு விளங்கிவிட்டது.

ரோல்ஸைக் கடைசியில் கொடுக்கலாமே என்று நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. மேனேஜர் வேறு எதற்கு இருக்கிறார்? சாந்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணை, நீங்கள் தோக்கிறதுக்கு என்ர ரோல்ஸ்தான் காரணம் எண்டு வெளியில கதைச்சுப் போடாதேங்கோ."

அவர் கேட்டது

துறைமுகப் பாலம் தாண்டி நகரின் வடக்கே ஓர் ஆட்டத்துக்குப் போகும்போது பாவ்லோ என் காரில் வந்தார். நெரிசலில் வண்டி நகரவில்லை. சின்ன ஊர் ஒன்றில் தொடங்கி, ஊர் ஊராகக் கிளப் மாறி, பெரும்பாலும் இரண்டாம் பிரிவிலேயே ஆடியதைச் சொன்னார். முதல் பிரிவில் ஒரே ஒரு பருவம், அதிலும் முக்கால்வாசி வெளிப் பெஞ்சில்.

ஒரு நாள் முழங்கால் வலித்ததால் பாதியில் வெளியே வந்தாராம். அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று நினைத்து, பார்வையாளர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் குளிக்கப் போய்விட்டார். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று போனில் சொன்னார்கள். இப்போது அதே முழங்காலை மாற்றும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதன் பிறகு ஆட்டம் கிடையாது. பருவத்தின் கடைசி ஆட்டம் என்றைக்கு என்று கேட்டார். சொன்னேன். அறுவைக்கு முன்பே வந்தது. "நல்லது. இதுதான் கடைசி என்று தெரிந்து ஒரே ஒரு ஆட்டம், முடிவுவரைக்கும் ஆட வேண்டும்."

ஆவணி மாதம்

ஆக்லாந்தில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது மழைதான். கடைசி ஆட்டத்துக்கு முந்தைய இரவு முழுவதும் கொட்டியது. மைதானம் மூடல் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த வாரமும் அதே கதை. பிறகு போட்டி நடத்துகிறவர்கள் ஒரு சனிக்கிழமையைக் கொடுத்து, இதை விட்டால் இந்தப் பருவத்துக்கு வேறு நாள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பாவ்லோவுக்கு அறுவை சிகிச்சை.

அந்தச் சனிக்கிழமைதான் சிவநேசனின் அக்கா மகளுக்குக் கல்யாணம். அவர் தாய்மாமன். அணியில் பாதிப் பேர் சொந்தம், மீதியில் பாதிப் பேர் விருந்தாளிகள். முகூர்த்தம் காலையில், ஆட்டம் பகல் ஒரு மணிக்கு. தாலி ஏறியதும் ஓடி வந்துவிடுகிறோம் என்றார்கள். நம் கல்யாணங்களில் தாலி ஏறிய பிறகுதான் படம் எடுப்பதே ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியாதா? சாந்தியிடம் போய், அரை மணி முன்னதாக இவர்களை விட முடியுமா என்று கேட்டேன். "ஏன் அண்ணை, ஆள் காணாட்டி மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

ஏழாவது ஆள்

ஒரு மணிக்கு மைதானத்தில் எங்கள் பக்கம் ஆறு பேர் நின்றார்கள். ஏழு பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது, கொஞ்ச நேரம் பார்க்கிறேன் என்றார் நடுவர். பாவ்லோ முழங்காலில் பட்டையைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும், துவைத்து மடித்து வைத்திருந்த ஜெர்சி ஒன்றை எடுத்து நானே மாட்டிக்கொண்டேன். நான் பந்தை உதைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. அப்போதும் நன்றாக உதைத்ததில்லை.

அந்த முதல் அரை மணியில்தான் பாவ்லோவுக்கு எதற்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பது எங்களுக்குப் புரிந்தது. அவர் ஓடவில்லை. எங்களைக் கையால் காட்டிக் காட்டி நிறுத்தினார். எதிராளி பந்தை எங்கே அனுப்ப நினைத்தாரோ அங்கே அவர் முன்பே நின்றார். பதினொரு பேரை எதிர்த்து ஒரே ஒரு கோல்தான் வாங்கினோம். அப்புறம் கார்கள் வர ஆரம்பித்தன. பட்டு வேட்டியை வண்டிக்குப் பக்கத்திலேயே அவிழ்த்துவிட்டு, நெற்றிச் சந்தனத்தோடு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். சிவநேசன் கடைசி. அவரையும் சேர்த்துப் பத்துப் பேர்தான் ஆனோம். ஆகவே என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை.

வாங்கிய அந்த ஒரு கோலை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பாவ்லோ நொண்டத் தொடங்கியிருந்தார். வெளியே போங்கள் என்று சிவநேசன் இரண்டு முறை சொல்லியும் போகவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் என்று நடுவரிடம் கேட்டார். ஒரு நிமிடம் என்றார் அவர். பாவ்லோ கையை உயர்த்திப் பந்தைக் கேட்டார். கார்த்திக் கொடுத்தார். அதைக் காலடியில் நிறுத்தி, தலையைத் தூக்கி, மைதானத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, என் காலுக்கே வந்து சேரும்படி அனுப்பினார். நான் அதை நேராக எதிராளிக்குக் கொடுத்தேன். ஆட்டம் முடிந்ததற்கான விசில் ஒலித்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பரவாயில்லை. இந்தத் தடவை, இதுதான் கடைசி என்று எனக்குத் தெரிந்திருந்தது."

அவருக்கு அது கடைசி ஆட்டம்; வலையை அவிழ்த்துச் சுருட்டி, சந்தனமும் சேறும் அப்பிய ஜெர்சிகளை வீட்டுக்கு அள்ளிக்கொண்டுபோன எனக்கு அது இன்னொரு சனிக்கிழமை.