அமானிதமாய் வந்த அல்சேஷன்

எங்கள் பின்வளவில், கிணற்றுக்கு அப்பாலுள்ள மதிலில் அறைந்த ஆணியில் ஒரு சங்கிலி தொங்குகிறது. கைபிடிக்கும் முனையில் வியர்வை பட்டுக் கறுத்த தோற்பட்டி. அது மூன்று இடங்களில் நீலநூலால் தைக்கப்பட்டிருக்கிறது. தைத்தவர் எங்கள் கல்லூரியின் விஞ்ஞான ஆசிரியர். ஆய்வுகூடத்தில் உடைந்த எதையும் எறியாமல் ஒட்டியும் கட்டியும் பாவித்தவர். முப்பது ஆண்டுகள் என்னோடு கற்பித்தவர். அந்த மதிலுக்கு அப்பால் குடியிருந்தவரும் அவரே. கல்முனையில் தமிழர் தெருவும் முஸ்லிம்களான எங்கள் தெருவும் முதுகோடு முதுகு சாய்ந்திருக்கும் இடம் அது. நாங்கள் ஒருவரையொருவர் இறுதிவரை 'சேர்' என்றே அழைத்தோம். நான் ஒருமுறை அவருக்கு எழுதிய கடிதத்துக்கு அவர் பதில் எழுதவில்லை என்பதைத் தவிர, அவர்மேல் எனக்குக் குறையேதும் இருந்ததில்லை. அந்த ஒரு குறையை நான் மறக்கவுமில்லை.

இருதய சத்திரசிகிச்சைக்காக அவர் கொழும்புக்குப் புறப்படவிருந்தபோது, பழைய ஆசிரியர்கள் பலர் அவரது விறாந்தையில் கூடியிருந்தோம். அவருடைய அல்சேஷன் நாற்காலிக்குக் கீழே படுத்திருந்தது. பொலிஸ் நாய்ச் சாதி என்று தெருவே அஞ்சிய நாய்.

"நோயைப் பத்தி யோசினையில்ல. இதை ஆரிட்ட விட்டுட்டுப் போறதெண்டுதான் தெரியல்ல" என்றார் அவர்.

ஆங்கில ஆசிரியராயிருந்தவர் என் பக்கம் திரும்பினார். "மரைக்காயரிட்ட விடுங்க சேர். பள்ளிவாசலுக்கு ஒரு காவலாப் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் தாய்வழிக் குடியின் சார்பில் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்ந்திருக்கும் மரைக்காயர் நான். நானும் சிரித்துவிட்டு விட்டிருக்க வேண்டும். என்னைப் பகடி பண்ணி ஒருவர் சிரிப்பதை நான் என்றுமே பொறுத்ததில்லை. எழுந்து நின்று, "நீங்க வரும் மட்டும் அமானிதமா நான் வெச்சிக்கிறன் சேர்" என்றேன். சிரித்தவர்கள் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் மட்டும் வியப்படையவில்லை. "மூண்டு கிழமைதான் சேர்" என்று சொல்லிச் சங்கிலியை என் கையில் வைத்தார். இரண்டாம் கிழமையில் அவருடைய உடலைத்தான் கொண்டுவந்தார்கள்.

அமானிதம் என்பது எங்களிடையே வாயில் வந்த வார்த்தையன்று. ஒப்படைத்தவர் மௌத்தாகி அடக்கப்பட்டாலும் ஒப்புக்கொண்டவரின் கழுத்தில் கிடக்கும். நாயோ, வீட்டில் இருந்தால் ரஹ்மத்துடைய மலக்குகள், அதாவது அருளின் வானவர்கள், வரமாட்டார்கள் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பிராணி. அதன் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண்ணால். அதற்கும் மேலாக, நான் குடியிருக்கும் வீடு என்னுடையதன்று. எங்கள் ஊர் வழக்கப்படி அது மனைவிக்குச் சீதனமாக வந்து, பின்னர் மகளின் பெயருக்குப் போனது. எந்த உரிமையில் நான் நாயைக் கொண்டுபோவேன்? ஆனால் மார்க்கம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: பயிரைக் காக்க நாய் வைத்திருக்கலாம். இறக்காமத்தில் எனக்கு வயலிருந்தது. நாயை அங்கே கொண்டுபோய் வயற்காவல் குடிலான வாடியில் கட்டினேன். என் வாக்கும் மரியாதையும் ஒருங்கே காப்பாற்றப்பட்டன என்று அன்று நிம்மதியாகத் தொழுதேன்.

ஒரு மாதத்துக்குள் வயலைப் பார்க்கும் முல்லைக்காரர் தொலைபேசியில் அழைத்தார்.

"சேர், இது நாயில்ல, விருந்தாளி. காட்டுப் பண்டி வந்து வரம்பைக் கிண்டுது. இது இரிந்து பாத்துக்கொண்டு இரிக்கி."

"குரைக்கல்லையா?"

"குரைக்கிறதா? கொட்டாவி வுட்டது. அதுவும் சத்தமில்லாம."

காவல் காக்காத நாய் பயிருக்கான நாயாகாது; பயிருக்கல்லாத நாயை நான் வைத்திருக்க நியாயமில்லை. ஆகவே அதைக் குரைக்கப் பழக்க முனைந்தேன். நாற்பது ஆண்டுகள் வகுப்பறைகளில் சத்தத்தை அடக்கியே பெயரெடுத்தவன், வரம்பில் நின்று ஒரு நாயைச் சத்தமிடச் சொல்லிக் கெஞ்சினேன். தகரத்தைத் தட்டினேன். இறைச்சித் துண்டைக் காட்டி மறைத்தேன். அது குந்தியது, எழுந்தது, கை கொடுத்தது. குரைக்க மட்டும் மாட்டேன் என்றது. வேலையாட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

தொண்டையில் நோயிருக்கலாம் என்ற ஆசையில் கல்முனைக்குக் கொண்டுவந்தேன். மிருக வைத்தியர் என்னிடம் படித்தவர். மூன்று தடவை வரச் சொல்லி, ஊசியும் எக்ஸ்ரே படமும் மருந்துமாக, என் ஓய்வூதியத்தில் நான் பிறரிடம் சொல்லக் கூசும் ஒரு பங்கு போயிற்று. ஆட்டோடு காத்திருந்த ஒருவர், "மரைக்காயர், ஆருட நாய் இது?" என்று கேட்டார். "வயல் நாய்" என்றேன். ஒரு சொப்பிங் பையில் கை கழுவ மண் கொண்டுபோயிருந்தேன். அதையும் அவர் பார்த்தார்.

கடைசி நாளில் வைத்தியர் சொன்னார்: "தொண்டையில ஒண்டுமில்ல சேர். இதை ஆரோ குரைக்காமப் பழக்கியிரிக்காங்க. நல்லாப் பொறுமையாப் பழக்கியிரிக்காங்க. இனி மாத்துறது கஷ்டம்."

இறந்த விஞ்ஞான ஆசிரியரின் மனைவி கொழும்பிலுள்ள மகளிடம் போவதற்காக வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நாயைக் குரைக்காமல் பழக்கியது யார் என்று மதிலோரம் நின்று விசாரித்தேன். அவர் உள்ளே போய் நாயின் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்து தந்தார். அதற்குள் மடித்திருந்தது என் கடிதம். பக்கத்து வீட்டுக்காரருக்கு, 'விடயம்' என்று தலைப்பிட்டு, கீழே கோடிட்டு, தங்கள் நாய்க்குட்டியின் ஓயாத குரைப்பு விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு இடையூறாக உள்ளதென்று நான் எழுதியது. சில மாதங்களில் அந்தக் குரைப்பு ஓய்ந்தபோது, குட்டி வளர்ந்துவிட்டதாக்கும் என்று எண்ணியிருந்தேன்.

"இதை வாசிச்சிட்டு அவர் ஒண்டும் கதைக்கல்ல சேர்" என்றார் அவர். "மத்த நாளில இருந்து பாங்குக்கு முதல் எழும்பி நாய்க்குப் பக்கத்தில குந்திக்கொள்ளுவார். அது வாயைத் துறந்தா மெல்லமா மூக்கில கைய வெப்பார். எட்டு மாசம். பனிக்குள்ள இருமி இருமி. ஏன் இந்தப் பாடு எண்டு கேட்டா, சேர் நிம்மதியாத் தொழட்டும் எண்டுவார்."

நான் அட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

நாயை மீண்டும் வயலில் விட்ட அந்தக் கிழமையே யானை வந்து வாடியைச் சரித்தது. முல்லைக்காரர் உயிர் தப்பியது அல்லாஹ்வின் அருள். "நாயை நம்பித்தான் சேர் கண்ணயர்ந்தன். ஒண்டில் அது, இல்லாட்டி நான்" என்றார். நியாயமான பேச்சு. நாய் என்னோடு திரும்பியது.

"அந்த நாயோட நீங்களும் கிணத்தடியிலயே இரிங்க" என்றாள் மனைவி. மகள் கிணற்றடி மதிலைக் காட்டினாள். "அமானிதமெண்டு சொன்னது நீங்கதானே வாப்பா. கட்டுங்க. வீட்டுக்குள்ள மட்டும் எடுக்காதீங்க."

அடுத்த நிருவாகக் கூட்டத்தில் செயலாளர் தாழ்ந்த குரலில், "காவலுக்குத்தானே மரைக்காயர், அந்த நாய்?" என்று கேட்டார். அவர் எனக்குக் கயிறு எறிந்தார். பிடித்துக்கொள்ள 'ஓம்' என்ற ஒரு சொல் போதும். பள்ளிவாசலுக்குள் இருந்துகொண்டு அந்தச் சொல் எனக்கு வரவில்லை. "இல்ல. அது குரைக்காது. ஒருத்தர் தந்த அமானிதம்" என்றேன். மற்றவர்கள் கூரைத் திருத்தம் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். பதவியை விடும்படி எவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் விட்டிருப்பேன். ஸலாம் சொல்கிறார்கள், கை கொடுப்பதில்லை. வீட்டில் தேநீர் தருகிறார்கள், கிணற்றடிக்கு யாரும் வருவதில்லை. விட்டுப்போகவும் வழியில்லை, தலைநிமிர்ந்து இருக்கவும் வழியில்லை.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பின் அதை நடத்திக் கொண்டுவந்து கட்டி, சங்கிலியை ஆணியில் மாட்டி, வாளியிலிருந்து மண்ணெடுத்துக் கைகழுவுவேன். சுபஹுப் பாங்கு தொடங்கும்போது அது தலையை உயர்த்தி, மதிலுக்கு அப்பாலுள்ள பூட்டிய வீட்டைப் பார்க்கும். யாரும் பக்கத்தில் வந்து குந்துவதில்லை. ஆனாலும் அது வாயைத் திறக்காமல், பாங்கு முடியும்வரை பொறுத்திருந்து, முன்கால்களில் தலையை வைத்துக்கொள்ளும். நான் தொழப் போகிறேன். என் கடிதத்துக்கு அவர் பதில் தரவில்லை என்று இத்தனை காலம் மனத்தில் வைத்திருந்தேன். பதில் கிணற்றடியில் படுத்திருக்கிறது.