கோழைக்குக் குரல் கொடுப்பவர்

ஃபிரிட்ஜை அணைத்தாயிற்று. மின்விசிறியும் நின்றாயிற்று. அழைப்பு மணியின் சுவிட்சையும் தட்டிவிட்டுப் பட்டு படுக்கையறைக்குள் போகிறார். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதைச் சுற்றிக் கொடிகட்டித் தொங்கவிட்ட கம்பளி. உள்ளே நுழைந்து, ஒரு வாய் வெந்நீர் குடித்து, கைப்பேசியை வாய்க்கு நேராக நிறுத்திவிட்டால் போதும், ராஜகீழ்ப்பாக்கத்தின் அந்தச் சின்ன ஃபிளாட்டுக்குள் ஒரு கல்யாண மண்டபமே கூடிவிடும். மாப்பிள்ளையின் அம்மா கத்துவாள், பெண் எதிர்த்துப் பேசுவாள், பெண்ணின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். எல்லாருக்கும் ஒரே தொண்டை.

குடும்ப நாவல்களை வாசித்து யூடியூபில் போடுவது பட்டுவின் வேலை. எழுதியவர்களிடம் அனுமதி வாங்கி, தினம் ஓர் அத்தியாயமாக ஏற்றுவார். சேனலில் அவர் பெயரும் கிடையாது, முகமும் கிடையாது. அவருக்கு முதல் எதிரி தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானம். அடுத்தது, ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் உப்பு வண்டி. மூன்றாவது எதிர் ஃபிளாட்டில் இருக்கும் நான். ஒரு சாவுக் காட்சியில் என் மிக்ஸி புகுந்துவிட, ‘துக்க வீட்டில் யார் சட்னி அரைக்கிறார்கள்?’ என்று ஒரு நேயர் எழுதிக் கேட்டிருந்தார். அன்றிலிருந்து பட்டு அக்காவின் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் நின்றால் என் வீட்டு மிக்ஸியும் நின்றுவிடும்.

அவர் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. குரலை அவர் கற்பனை செய்வதில்லை, தெரிந்தவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். “நெஞ்சுக்குள்ள ஒரு ஆள் வந்து நின்னாதான் எனக்கு வாய்ல வசனம் வரும்” என்பார். துணிச்சலான நாயகிகள் எல்லாரும் அவர் படித்த பள்ளித் தலைமையாசிரியையின் குரலில் பேசுவார்கள். வில்லன்கள், செம்பாக்கத்தில் அவர் முன்பு குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் குரலில். இருவருக்கும் இது தெரியாது. தெரிந்தால் முதலாமவர் மகிழ்வார், இரண்டாமவர் அட்வான்ஸைத் திருப்பித் தராமல் போனதற்கு வருந்தினாலும் வருந்துவார்.

கோழைகள்? நம் நாவல்களில் அவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அம்மா கல்யாணத்தை நிறுத்தும்போது மாலையோடு தலைகுனிந்து நிற்கும் மாப்பிள்ளை, உண்மை தெரிந்தும் வாய் திறக்காத தம்பி, சாட்சி சொல்ல வேண்டிய நாளில் ஊருக்குப் போய்விடும் நண்பன். வீரன் கதையை முடித்து வைக்கிறான், அவ்வளவுதான். அதுவரை கதையை இழுத்துக்கொண்டு போவது இந்தத் தொடைநடுங்கிகள். இவர்களில் ஒருவன் முதல் அத்தியாயத்திலேயே உள்ளதைச் சொல்லித் தொலைத்திருந்தால் பாதி எழுத்தாளர்களுக்குப் பிழைப்பே இருந்திருக்காது. பட்டுவுக்கும் இவர்கள்மேல் தனிப் பிரியம். “தைரியசாலிக்குச் சத்தம் கூட்டினா போதும். கோழைக்குத்தான் ரெண்டு பக்கமும் தெரியும். அவன் ஒரு வார்த்தை பேசுறதுக்குள்ள எத்தனை யோசிக்கிறான் பாருங்க.”

கோழைகளின் குரல் அவருடைய கணவர் ஷ்யாம்சுந்தருடையது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு அவர் வேலை. நல்ல மனிதர், சொன்ன நேரத்துக்கு வீடு திரும்புகிறவர். எதைக் கேட்டாலும் எச்சிலை ஒருமுறை விழுங்குவார், “அது வந்து...” என்பார், “பாத்துக்கலாம்” என்று முடிப்பார். கல்யாணமான புதிதில் பட்டுவுக்கு வானொலியில் அறிவிப்பாளர் வேலை கிடைத்தபோது, மாமியார் கூடாது என்றதற்கும் இதே விழுங்கல், இதே “பாத்துக்கலாம்”தான். வேலை போயிற்று. பிறகு மாமியாரும் போய்ச் சேர்ந்தார். பட்டு இதைக் கோபமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கோபம் எங்கே போயிற்று என்பது சேனலைக் கேட்கிறவர்களுக்குத் தெரியும்.

மனைவி வாசிப்பதை ஷ்யாம்சுந்தர் கேட்பதே இல்லை. கதை கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அந்த நம்பிக்கையில்தான் பட்டு இத்தனை காலம் வண்டி ஓட்டினார். நிஜ வண்டி ஓட்டுகிற பாட்சாவை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பாட்சா தொழிற்சாலைப் பேருந்தின் ஓட்டுநர். தூக்கம் வராமல் இருக்க, காலையும் மாலையும் நாவல் போட்டுக்கொண்டு ஓட்டுவார். பட்டுவின் சேனல் பேருந்துக்கே பிடித்துப்போனது. அப்போது ஓடிக்கொண்டிருந்த நாவலில் நிலவரசன் என்று ஒருவன். ஒரு பெரியவரை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டது யார் என்று பார்த்தவன் அவன் மட்டும்தான். தள்ளியது அவனுடைய அம்மா. உண்மையைச் சொல்லாமலே நாவல் முழுக்க எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தான். நேயர்களுக்கு நாயகனைவிட அவன்மேல்தான் கவலை.

ஷ்யாம்சுந்தர் வழக்கம்போலக் கடைசி இருக்கையில் காதில் பஞ்சு வைத்துத் தூங்கிக்கொண்டு போனார். ஒரு நாள் பேருந்தில் ஏசி ஓடவில்லை. பூனைக்கு மணி கட்ட மூத்தவர்தான் சரி என்று எல்லாரும் அவரை எழுப்பி, நிர்வாகத்திடம் நீங்கள் பேசுங்கள் என்றார்கள். அவர் விழுங்கினார். அது வந்து, பாத்துக்கலாம் என்றார். பாட்சா கண்ணாடி வழியே அவரைப் பார்த்தார்.

“இன்னா சார், நம்ம நிலவு பேசுற மாதிரியே கீது?”

அன்று முதல் அவர் நிலவு சார். கேன்டீனிலும் நிலவு சார், கேட்டிலும் நிலவு சார். பஞ்சை எடுத்துவிட்டு அவரும் மறுநாள் முழு அத்தியாயமும் கேட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டார்.

“அந்த ஆளு நானா, பட்டு?”

ஊரிலுள்ள நாயகிகளுக்கெல்லாம் நீதிமன்றத்தில் முழங்கக் கற்றுக்கொடுத்த பட்டு, எச்சிலை விழுங்கினார். “அது வந்து...” என்றார். ஷ்யாம்சுந்தர் பதிலுக்குக் காத்திருந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை.

இதை என்னிடம் சொல்லிப் பட்டு அழுதார். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. நேயர்கள் நச்சரிக்கிறார்கள். நிலவரசனுக்கு வேறு குரல் போட்டுப் பார்த்தாராம், ஒட்டவில்லை. அப்படியே மனது ஒப்பி அதே குரலில் பேசலாம் என்றாலும், இந்த அத்தியாயத்தில் அவன் சாட்சிக் கூண்டில் ஏறி அம்மாவுக்கு எதிராக உண்மையைச் சொல்கிறான். “எனக்கு அது வரல. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லியே. இத்தனை வருஷமா அவர் பயத்தைத்தான் கேட்டிருக்கேன். அதையும் ஊருக்கு வித்துட்டேன்” என்றார். எனக்கு இருவர்மேலும் இரக்கம் வந்தது.

அந்த வாரக் கடைசியில் நான் காபி குடித்துக்கொண்டு அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஷ்யாம்சுந்தர் வேலையிலிருந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே, என்னையும் ஓர் ஆளாக வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னார். பேருந்தில் இன்றும் யாரோ நிலவு சார் என்று கூப்பிட்டார்களாம். பழைய அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்ததாம். எழுந்து முன்னால் போய் பாட்சாவிடம் கதையை நிறுத்தச் சொன்னாராம். மனைவி பெயரைச் சொன்னால் கேலி இரண்டு மடங்காகும் என்று தெரியும், இனியும் தினம் அதே பேருந்தில்தான் ஏற வேண்டும் என்பதும் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டாராம்.

“என்ன சொன்னீங்க?” என்று கேட்டார் பட்டு.

“அது நான்தான்னேன். படிக்கிறது என் வொய்ஃப். அவ என்னைப் பாத்துதான் அந்தக் குரல் புடிச்சா. அவ வேலையை நான்தான் ஒரு தடவை வாயை மூடிக்கிட்டுக் கெடுத்தேன். அதனால நிலவுன்னு கூப்பிடுறது சரிதான், கூப்பிடுங்கன்னேன்.”

பேருந்தில் யாரும் சிரிக்கவில்லையாம். இறங்கும்போது பாட்சா மட்டும், நிலவு கடைசியில் வாயைத் திறப்பானா சார் என்று கேட்டாராம். வீட்டில் கேட்டுச் சொல்வதாக இவர் சொல்லியிருக்கிறார்.

நான் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். நான் இருப்பதே பட்டுவுக்கு மறந்துபோயிருந்தது. நேராகக் கணவரிடம் போனார். டிபன் பை தொங்கும் தோளோடு நிற்கிறவரின் தொண்டையில் இரண்டு விரல்களை மெல்ல வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

“முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லுங்க.”