தலைப்பிரசவம்

வீட்டில் எல்லோருக்கும் அடையாள அட்டை நீலம். எனக்கு மட்டும் சிவப்பு. மலேசியாவில் நீல அட்டை வைத்திருப்பவர் குடிமகன், சிவப்பு அட்டைக்காரன் வெளியாள். நானும் தம்பியும் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே பானைச் சோறு தின்று வளர்ந்தவர்கள்.

காரணம் தலைப்பிரசவம். முதல் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது எங்கள் வழக்கம். அம்மா கப்பலேறி நாமக்கல் பக்கம் தன் அப்பா வீட்டுக்கு வந்து என்னைப் பெற்று, கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். தம்பி தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தான். பிறகு அப்பாவும் அம்மாவும் மனுப் போட்டுக் குடியுரிமை வாங்கினார்கள். எனக்கும் தனியாக ஒரு மனு போடச் சொன்ன தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் அப்பா, “சின்னப் பையனுக்கு எதுக்குங்க அட்டை?” என்று சிரித்தாராம்.

எழுபதுகளின் தொடக்கத்தில், வெளியாட்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றார்கள். இனக்கலவரம் கண்டு பயந்த நாடு, தன் மக்கள் யார் என்று எண்ணிப் பார்த்து, அவர்களுக்கே முதலில் வேலை என்றது. அதில் எனக்குப் பெரிய கோபமில்லை. இத்தனை இனங்களை ஒரு கூரையின்கீழ் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா? ஆனால் அந்தக் கணக்கெடுப்பு எங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்து என்னைத் தனியே பிரித்தது. பெர்மிட் கிடைக்கவில்லை. பிழைப்புக்கு நான் மட்டும் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று.

துறைமுகத்தில், மனுப் போடாமல் விட்ட அப்பாவை விட்டுவிட்டு அம்மாமேல் பாய்ந்தேன்.

“உங்கப்பன் ஊட்டுல பெத்துப்போட்டயல்ல, அங்கியே உட்டுட்டு வந்திருக்கலாமல்ல.”

அம்மா என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்தேன். அங்கே நான் ‘மலேயாக்காரன்’. அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்காருவேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் வந்ததும் பாழாய்ப்போன வீம்பு வந்துவிடும். இங்கே மழையில்லை, சௌக்கியம் என்று முடித்துவிடுவேன்.

எண்பதுகளில் ஒருமுறை தம்பி வருவதாக எழுதினான். அம்மாவையும் கூட்டி வரச் சொன்னேன். கடிதத்தில் முடியாததை நேரில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சேலம் ஜங்ஷனில் அவன் மட்டும் இறங்கினான்.

“அம்மா எங்கடா?”

“பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்தாச்சுங்ணா. கெளம்பற அன்னைக்கு வரலைன்னுட்டாங்க.”

“ஏன்?”

தம்பி பெட்டியைக் கீழே வைத்தான். “‘பெரியவன் கேட்டதுக்கு இன்னும் எங்கிட்டப் பதிலில்ல சாமி, என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது’ன்னாங்க.”

பத்து வருஷத்துக்கு மேலாக அவள் பதில் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது.

அடுத்த மாதமே விசாவுக்கு மனு வாங்கினேன். பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில், மன்னிப்புக் கேட்க என்று எழுத இடமில்லை. தாயைப் பார்க்க என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.