துண்டில் விழுந்த பணம்

இதை வாசிப்பவர்கள் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூட்டைக் கொக்கியைப் பிடித்த கை இது. ஓர் எழுத்து கிழக்கே சாயும், அடுத்தது மேற்கே சாயும். எங்கே சின்ன ர போடுவது, எங்கே பெரிய ற போடுவது என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். கல்லூரிக்குப் போகும் என் மகள் பிழைகளைத் திருத்தித் தந்தாள். பிழையைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி என்னைத் தாண்டிப் போய்விட்டால் திரும்பக் கூப்பிடக் கூச்சப்பட்டு, வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் வருமான வரி அதிகாரியிடம் பேச நேர்ந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

திண்டுக்கல் வெங்காய மண்டியில் நான் சுமை தூக்குகிறேன். எங்கள் சுமை தூக்குவோர் சங்கத்தில் ஒரு மரண உதவி நிதி உண்டு. உறுப்பினராக இருக்கும் ஒவ்வொருவரும் வாரக் கூலியில் கொஞ்சம் போடுவோம். எங்களில் ஒருவர் இறந்தால் அவர் வீட்டுக்கு ஒரு தொகை போகும். லாபம் பார்க்க யாரும் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனி ஆட்கள் எங்களைத் தேடி வந்ததில்லை. வந்திருந்தாலும் தலையில் மூட்டை இருக்கும்போது யார் நின்று பேசுவது? அதனால் எங்களுக்கு நாங்களே கம்பெனி.

என்னைப் பொருளாளராகப் போட்டது எங்கள் தலைவர் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மண்டி முழுக்கக் கேட்கும் குரல்காரர். "காசு இவன்கிட்ட இருக்கட்டும்யா. கடன் கேட்டா இருக்குன்னு சொல்லவும் இவனுக்கு வாய் வராது, இல்லைன்னு சொல்லவும் வாய் வராது. கேட்டவன் அலுத்துப்போய் அவனே போயிருவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு பொருளாளர் ஆகிவிட்டேன்.

நிதியைக் கொடுப்பதில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. இறந்தவருக்குப் பதினாறாம் நாள், முஸ்லிம் வீடு என்றால் நாற்பதாம் நாள், பணத்தை வங்கியிலிருந்து எடுத்து வந்து ஒரு துண்டில் முடிச்சாகக் கட்டுவோம். மண்டி வாசலிலிருந்து எல்லோரும் வரிசையாக நிற்போம். கடைசியாகச் சேர்ந்தவன் கையில் முடிச்சு கிளம்பும். கைமாறிக் கைமாறி வந்து, வரிசையின் கடைசியில் நிற்பவர் அதை அந்த வீட்டுக்காரர் கையில் வைப்பார். போட்டோ கிடையாது, பேச்சு கிடையாது. நான்தான் கொடுத்தேன் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. வாங்கியவரும் யாரிடம் வாங்கினேன் என்று கூனிக்குறுக வேண்டியதில்லை.

ஒரு கோடையில் மகாராஷ்டிராவிலிருந்து பெரிய வெங்காயம் ஏற்றி வந்த லாரியின் டிரைவர், மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பயனில்லை. அவர் பேசிய பாஷைகூட எங்களுக்குத் தெரியாது. அன்றைக்குத் தலைவர் அண்ணன் தன் துண்டை மண்டி நடுவில் விரித்தார். நாங்கள் போட்டோம். மண்டி முதலாளிகளும் வந்து போட்டார்கள். அவ்வளவு பணத்தைக் கிளீனர் பையனிடம் கொடுத்தனுப்ப எங்களுக்குத் துணிவில்லை. சங்கக் கணக்கில் கட்டி, அங்கிருந்து அந்த டிரைவரின் மனைவி கணக்குக்கு அனுப்பினோம். அனுப்பிய ரசீதைப் பார்த்து எல்லோருக்கும் நிம்மதி. கண்ணியமாக ஒரு வேலை செய்தோம் என்று நினைத்தோம்.

அங்கேதான் சிக்கல் விழுந்தது. சங்கத்தின் டெபாசிட் வட்டியில் வங்கி வரி பிடிக்கும். வருடாவருடம் எங்கள் ஆடிட்டர் அம்மா கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பக் கேட்டு வாங்கித் தருவார். அந்த வருடம் கேட்டபோது பணத்துக்குப் பதில் நோட்டீஸ் வந்தது.

ஆடிட்டர் அம்மா அதை எங்களுக்குப் புரியும்படி சொன்னார். "நீங்களே போட்டு நீங்களே எடுத்துக்கிற வரைக்கும் அது வருமானம் இல்லண்ணே. உங்க சட்டையில ஒரு பையில இருந்து இன்னொரு பைக்கு மாத்துற மாதிரி. அதுக்கு வரி கிடையாது. ஆனா அந்த வருசம் வெளியாள் பணம் உள்ள வந்திருக்கு, வெளியாளுக்குப் பணம் போயிருக்கு. அப்ப இது உறுப்பினருங்க தங்களுக்குள்ள நடத்துற நிதியே இல்ல, நீங்க போட்ட மொத்தமும் வருமானம்னு சொல்றாங்க."

"ஏம்மா, செத்தவனுக்குக் கொடுத்ததுக்கா வரி?" என்றார் தலைவர் அண்ணன்.

"கொடுத்ததுக்கு இல்லண்ணே. கொடுத்ததால மத்ததுக்கு."

கணக்கை முடக்கிவிடுவார்களோ என்று பயந்து கேட்ட வரியைக் கட்டினோம். கட்டியதைத் திரும்பக் கேட்டு மேல்முறையீடும் போட்டோம். நிதி வற்றிப்போய்விட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் கூட்டாளி ஒருவர், ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமத்துக்காரர், மஞ்சள் காமாலையில் போய்விட்டார். வீடு கட்ட ஆரம்பித்து, சுவர் எழுப்பி, தளம் போடாமல் விட்டுவிட்டுப் போனார். அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

பதினாறாம் நாள் வரிசை நின்றது. துண்டில் பாதித் தொகைதான் இருந்தது. கையில் வாங்கும்போதே ஒவ்வொருவருக்கும் எடை தெரிந்தது. யாரும் பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்க்கவில்லை. பொருளாளர் என்று கடைசியில் என்னை நிறுத்தியிருந்தார்கள். அந்த அக்கா கையில் முடிச்சை வைத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். கேட்காததால் என் வாய் தானாகத் திறந்தது.

"மீதி வரும்க்கா. நான் கொண்டாறேன்."

மண்டியே திரும்பிப் பார்த்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். அன்றிலிருந்து அந்த மீதி என் தலையில் ஏறிய மூட்டை.

அடுத்த வாரம் தலைவர் அண்ணன் என்னைத் தனியாக அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். "ஏலே, ஒரு யோசனை. அந்த டிரைவர் பேரையும் நம்ம உறுப்பினர் பதிவுல ஏத்திருவோம். செத்தவரு வந்து நான் உறுப்பினர் இல்லைன்னு சொல்லவா போறாரு?"

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற? பதிவுல ஒரு வரி எழுதினா நம்ம கூட்டாளி பொஞ்சாதிக்கு வீடு நிமிந்துரும்."

"அவரு நம்ம ஆளு இல்லண்ணே" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா?"

"நம்ம ஆளு இல்லைன்னுதானண்ணே துண்டு விரிச்சோம். நம்ம ஆளா இருந்தா வரிசைதான நின்னிருப்போம்."

அவர் கிளாசை டக்கென்று கீழே வைத்தார். "இம்புட்டு நாளா இந்த வாயை எங்கடா வச்சிருந்த?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் பதிவில் யார் பேரும் ஏறவில்லை.

வேறு வழி இருக்கிறதா என்று ஆடிட்டர் அம்மாவிடம் கேட்டேன். அன்று துண்டில் போட்ட மண்டி முதலாளிகள், அது அந்த டிரைவர் குடும்பத்துக்காகப் போட்டது, சங்கத்துக்குப் போட்டது அல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டால், அந்தப் பணத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டலாம் என்றார். வேலை முடிந்த பிறகு கடை கடையாக ஏறினேன்.

பெரிய மண்டி வைத்திருக்கும் பாய் ஒருவர், எங்களோடு சிரித்துப் பேசுகிறவர், நான் கேட்டதும் முகம் வாடிப்போனார்.

"அன்னைக்கு நான் போட்டது அல்லாவுக்காகப் போட்டது தம்பி. என் பொஞ்சாதிக்குக்கூட எவ்வளவுன்னு தெரியாது. இப்ப அதை எழுதிக் காட்டுனா, போட்டதுக்கு என்ன அர்த்தம்?"

அவர் சொன்னதும் நியாயம். திரும்பி வந்துவிட்டேன். அடுத்த நாள் அவர் கடையில் மூட்டை இறக்கும்போது, கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டே போய் நின்றேன்.

"பாய், எவ்வளவுன்னு எழுத வேணாம். போட்டது யாருக்குன்னு மட்டும் எழுதுனா போதும்."

"தொகை வேணாமா?"

"துண்டுல விழுந்தது மொத்தமும் அன்னைக்கே கணக்குல ஏறிச்சு. மொத்தமும் அந்தம்மாவுக்குப் போயிருச்சு. ஏறுனதும் போனதும் ஒண்ணுதான் பாய். அதுல உங்களுது எவ்வளவுன்னு யாருக்கு வேணும்?"

"சரி, கொண்டா பேனாவ" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "உன் கூலியில பேச்சுக்கூலி சேக்கணும் போலருக்கே" என்று சிரித்தார்.

இன்னொரு முதலாளி கடையை ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றிக்கொண்டு போயிருந்தார். லீவு நாளில் பஸ் ஏறினேன். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் ஜன்னல் வழியாக அந்த அக்கா வீட்டுச் சுவர் தெரிந்தது. மேலே நீலத் தார்ப்பாயைக் கட்டி உள்ளே குடியிருந்தார்கள். காற்றுக்குத் தார்ப்பாய் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. பஸ் தாண்டிய பிறகும் அந்தச் சத்தம் என் காதிலேயே இருந்தது.

ஒட்டன்சத்திரத்து முதலாளி கேட்டதுமே கையை விரித்தார். "ஏனுங்க, எம்பேரு அங்க போச்சுன்னா அடுத்த நோட்டீசு எனக்குத்தானுங்க வரும்? வேற ஆளப் பாருங்க."

என்ன சொல்லி மடக்குவது என்று தெரியாததால், அவர் கடை வாசலில் கிடந்த ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தேன். ஏலம் நடந்தது, முடிந்தது. அவர் சாப்பிடப் போனார், வந்தார். நான் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும்போது அவரே எழுந்து வந்தார்.

"நீங்க வாயத் தொறந்து சண்டை போட்டிருந்தாக்கூட நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பேனுங்க. இப்புடிப் பேசாம உக்காந்திருந்தா மனுசன் என்னங்க பண்றது?" என்றபடி கையெழுத்துப் போட்டார். பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்தும் விட்டார்.

விசாரணை ஆடிட்டர் அம்மா அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் நடந்தது. அதிகாரி எந்த ஊரில் இருந்தார் என்று தெரியாது. கண்ணாடி போட்ட முகம் மட்டும் திரையில் தெரிந்தது. இங்கிலீஷில் பேசினார். ஆடிட்டர் அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கையெழுத்துக்களைக் காட்டினார். கட்டியதும் அனுப்பியதும் ஒரே தொகை என்று காட்டினார். பிறகு அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். ஆடிட்டர் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அந்த டிரைவர் உங்க சங்கத்துல உறுப்பினரான்னு கேக்குறார். பொருளாளரே சொல்லட்டுமாம்."

ஆமாம் என்று சொன்னால் நல்லதா, இல்லை என்று சொன்னால் நல்லதா என்று ஒரு கணம் மனம் தடுமாறியது. நீலத் தார்ப்பாய் கண்ணில் வந்தது.

"இல்லைங்க" என்றேன்.

"அப்பறம் ஏன் கொடுத்தீங்கன்னு கேக்குறார்."

"எங்க ஆளு இல்லைங்க. எங்க இடத்துல செத்தாருங்க. அதுக்குக் கொடுத்தது. சங்கப் பணத்துல ஒத்தக் காசு எடுக்கலைங்க. நாளைக்கு இன்னொருத்தர் அப்படி விழுந்தாலும் துண்டு விரிப்போம். ஆனா இனிமே அதைச் சங்கக் கணக்குல கட்ட மாட்டோங்க."

ஆடிட்டர் அம்மா அதை இங்கிலீஷில் சொன்னார். நான் சொன்னதைவிடச் சுருக்கமாக இருந்தது. அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். திரை அணைந்தது.

உத்தரவு வரப் பல மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில் மண்டியில் ஆளாளுக்குக் கிண்டல். "என்னப்பா, டில்லியில இருந்து ஃபோன் வந்துச்சா?" என்பார்கள். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். வாரம் ஒரு தடவை மட்டும் ஆடிட்டர் அம்மா வீட்டு வாசலில் போய் நிற்பேன். அவரே, "இன்னும் வரலண்ணே" என்பார். திரும்பி வருவேன்.

வந்தது. உறுப்பினர்கள் போட்டு உறுப்பினர்களுக்கே போகும் பணம் வருமானம் ஆகாது, அதற்கு வரி இல்லை. மண்டிக்காரர்கள் துண்டில் போட்டது இந்த விலக்குக்குள் வராது, ஆனால் அது வரி விதிக்கும் அளவுக்குப் பெரியதும் இல்லை. கட்டிய பணம் திரும்ப வரும், வட்டியோடு வரும்.

"வட்டியுமா?" என்று தலைவர் அண்ணன் வாயைப் பிளந்தார். "அந்த வட்டிக்கு அடுத்த வருசம் வரி கேப்பாங்களாம்மா?"

"அதையும் கணக்குல காட்டணும்ணே" என்றார் ஆடிட்டர் அம்மா.

"நல்லா இருக்கே கதை!"

மறுபடி வரிசை நின்றது. பதினாறாம் நாளும் இல்லை, நாற்பதாம் நாளும் இல்லை. அப்படி ஒரு வரிசை மண்டியில் அதற்கு முன் நின்றதில்லை. முடிச்சு கைமாறி என்னிடம் வந்தது. இந்த முறை எடை சரியாக இருந்தது. அந்த அக்கா இரண்டு கையையும் நீட்டி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டார்.

"மீதி வரும்னு அன்னைக்கு நீ சொன்னப்ப, எழவு வீட்டுல எல்லாரும் சொல்றதுதானன்னு நெனச்சேன் தம்பி" என்றார். "அப்பறந்தான் யோசிச்சேன். இது சும்மாகூட வாயத் தொறக்காத ஆளாச்சே, அப்ப வந்துரும்னு."

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

அந்த வீட்டுக்குத் தளம் போட்ட அன்று நாங்கள் பத்துப் பதினைந்து பேர் போய் ஜல்லியும் மணலும் சுமந்தோம். அதற்குக் கூலி வாங்கவில்லை. அவிழ்த்த தார்ப்பாயை அந்த அக்கா மடித்து என்னிடம் தந்தார். அது இப்போது மண்டியில்தான் இருக்கிறது. மழை வந்தால் மூட்டைமேல் போடுகிறோம்.

தை இரண்டு, மாட்டுப்பொங்கல். மண்டிக்கு லீவு.