வருணபகவானின் கிளாக்கர்

என் கணவர் உருத்திரமூர்த்தி ஊருக்கெல்லாம் மழை சொல்வார். சொந்த வீட்டுக் கொடியில் காய்கிற துணியை எடுக்கமாட்டார். அவரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மேற்கே வானம் கறுத்தால் மனிதர் பல்கனிக்கு ஓடுவார். அங்கே என் சேலையும், இவருடைய தாயான மாமியின் பாவாடையும் ஆடிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒதுக்கிவிட்டு வானத்தைப் பார்ப்பார். எல்லாம் நனைந்து முடிந்தபின் சண்டைக்குப் போனால், "நான் பார்த்துச் சொல்லவேண்டிய ஆள், மனோகரி. எடுக்கிறது என்ர வேலையில்லை" என்பார்.

எண்பத்து மூன்றில் திருகோணமலையிலிருந்து அகதியாக மொன்றியலுக்கு வந்தவர் அவர். ஒரு தையல் தொழிற்சாலையில் துணி வெட்டினார். அங்கே மேற்பார்வையாளராக இருந்த கியூபெக்காரர் வானிலை அலுவலகத்துக்குச் சம்பளமில்லாத தொண்டர். கோடையில் கடும் இடிமழை வந்தால் ராடார் திரையில் மேகம் தெரியுமாம். அதன் கீழே தெருவில் என்ன நடக்கிறது என்பது தெரியாதாம். அதனால் அங்கங்கே ஆட்களை வைத்திருந்தார்கள். ஆலங்கட்டி விழுந்தால், மரம் முறிந்தால், மேகம் சுழன்று கீழே இறங்கினால், அந்த ஆள் உடனே தொலைபேசியில் சொல்லவேண்டும். நாங்கள் நகரின் வடக்கே அஹுன்ட்சிக் பகுதியில் மூன்றாம் மாடியில் மேற்குப் பார்த்த வீட்டில் இருக்கிறோம் என்று கேள்விப்பட்டதும் அந்த மேற்பார்வையாளர் இவரையும் சேர்த்துவிட்டார். அவர்களுக்குத் தேவைப்பட்டது இவருடைய மூளை அல்ல, எங்கள் பல்கனி. இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். இவர் நம்பவில்லை.

அன்றுமுதல் வீடு வீடாக இல்லை. வானொலியில் இரண்டு வகை அறிவிப்பு வரும். இடிமழை உருவாகக்கூடும் என்பது ஒன்று. உருவாகிவிட்டது என்பது மற்றது. முதலாவதற்குக் கவனம் என்றும் இரண்டாவதற்கு எச்சரிக்கை என்றும் இவரே பெயர் வைத்தார். அடுப்பில் பால் வைத்தால் கவனம், பொங்கி வழிந்தால் எச்சரிக்கை என்று எனக்கு விளக்கமும் சொன்னார். பால் வைக்கிறவள் நான், விளக்கம் அவருடையது! கவனம் என்று அறிவித்துவிட்டால் பற்றறி வானொலி, டோர்ச்லைற், ஆலங்கட்டியை அளக்க அடிமட்டம் எல்லாம் மேசைக்கு வரும். தொலைபேசியை ஒருவரும் தொடக்கூடாது. ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். அவள் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிச் சொல்லத் தொடங்குமுன் இவர் என் முன்னால் வந்து நின்று, வை, வை என்று கையால் காட்டுவார். அதன்பின் மாலை முழுவதும் ஒரு சொட்டு மழையும் பெய்யாது.

தமிழ்ச் சனத்தையும் இவர் விட்டுவைக்கவில்லை. கவனம் என்றதும் ஒவ்வொரு வீடாகப் போன் எடுத்து, வெளியே போகவேண்டாம் என்று சொல்வார். பத்து முறை சொன்னால் ஒருமுறை மழை வரும். இவருடைய பெரியப்பா மகன் சிவானந்தம் அண்ணைதான் இவருக்கு வருணபகவானின் கிளாக்கர், அதாவது மழைக்கடவுளின் குமாஸ்தா, என்று பெயர் வைத்தார். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போனால்கூட, "என்ன தங்கச்சி, கிளாக்கர் இண்டைக்கு என்ன சொல்லுறார்?" என்று என்னைத்தான் கேட்பார்கள்.

எண்பத்தேழு ஜூலையில் ஒருநாள் மொன்றியலே மூழ்குகிற மாதிரி மழை பெய்தது. டெக்காரி நெடுஞ்சாலையில் கார்கள் கூரைவரை தண்ணீரில் நின்றன. அப்போது எங்கள் வீரர் எங்கே? தொழிற்சாலையில், யன்னல் இல்லாத வெட்டும் அறையில். மழை முடிந்து வெளியே வந்துதான் விசயம் அறிந்தார். அதன்பின் அவருடைய பேச்சுக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் இருந்தது ஆடி அமாவாசைதான்.

தகப்பனை இழந்த ஆண்பிள்ளைகள் அன்று விரதமிருந்து தீர்த்தமாடி, எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தகப்பனுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். இங்கே கடல் இல்லை என்பதால் அஹுன்ட்சிக்கின் வடக்குக் கரையில் ஓடும் ஆற்றில் செய்வதற்குச் சிவானந்தம் அண்ணை ஒழுங்கு செய்திருந்தார். அந்தக் காலத்தில் மொன்றியலில் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. என் கணவர் மட்டும் போவதில்லை.

என் மாமனார் எண்பத்து நான்கில் மூதூருக்கென்று பஸ் ஏறினார். போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. உடலைக் கண்டவர் இல்லை. அடுத்த வருடம் மாமி ஞானாம்பிகை எங்களிடம் வந்து சேர்ந்தார், நெற்றியில் குங்குமத்தோடும் கழுத்தில் தாலியோடும். மகன் ஆற்றில் இறங்கி எள்ளுத் தண்ணீர் விட்டால் தகப்பன் செத்தது உறுதி. தகப்பன் செத்தால் தாய் அந்தக் குங்குமத்தை அழிக்கவேண்டும். அதற்காகத்தான் இவர் போகவில்லை. இதை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சிவானந்தம் அண்ணை கூப்பிட்டபோது, "கவனம் அறிவிச்சிருக்கு அண்ணை, நான் போனடியில நிக்கவேணும்" என்றார். முதல் வருடம் அது உண்மை. இரண்டாம் வருடம் வானொலி நல்ல வெயில் என்றது. அப்போதும் இவர், "காத்துத் திரும்புது" என்று பல்கனியில் போய் நின்றுகொண்டார். மாமி உள்ளே உழுந்து அரைத்துக்கொண்டிருந்தார். மகனை ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, ஊர்ச்சனத்தின் கேள்வியெல்லாம் எனக்கு. தகப்பனுக்கு ஒரு பிடி எள்ளிறைக்காதவன் என்று அவர்கள் சொன்னதும் என் காதில்தான் விழுந்தது. ஒரு மனிதன் இருக்கிறாரா இல்லையா என்பதை வானிலை அறிக்கையை வைத்தா முடிவு செய்வது?

எண்பத்தேழில், அந்த டெக்காரி வெள்ளம் வந்து இரண்டு கிழமைக்குள், ஆடி அமாவாசை சனிக்கிழமையில் வந்தது. பாதிப்பேருக்கு மதியம்வரை வேலை. பின்னேரம் நாலரை அளவில் திதி முடிகிறது என்று ஐயர் சொல்லியிருந்ததால் எல்லோரும் அவசரமாகத்தான் ஆற்றுக்குப் போனார்கள். மூன்றாம் தடவையாக இவர் மறுத்துவிட்டார். அன்று வானொலி உண்மையிலேயே கவனம் என்றது. அதைக் கேட்டபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு அடுப்படிக்குள் போய்க் கத்தவேண்டும்போல் இருந்தது.

மூன்று மணிக்குப் பிறகு பல்கனியிலிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். மேற்கே வானம் பச்சை கலந்த கறுப்பு. அதன் முன்னால் ஒரு மேகம் பாயைச் சுருட்டினதுபோல் நீளமாக உருண்டு வந்தது. அப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இவர் உள்ளே ஓடி எண்ணைச் சுழற்றி, தன் பெயர், இடம், திசை எல்லாவற்றையும் உடைந்த பிரெஞ்சில் ஒழுங்காகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வானொலி எச்சரிக்கை என்றது.

"அண்ணையாக்கள் தண்ணிக்குள்ள நிப்பினம்" என்றார்.

சிவானந்தம் அண்ணையின் வீட்டுக்குப் போன் எடுத்தோம். அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள் என்று அண்ணி சொன்னார். தொண்டர் இருந்த இடத்தை விட்டு அசையக்கூடாது என்பது வானிலை அலுவலகத்தின் முதல் விதி. வீடு தீப்பற்றினாலும் இந்த மனிதர் போனடியிலேயே நிற்பார் என்று நான் நம்பியிருந்தேன். அவர் ஆணியில் தொங்கிய கார்த் திறப்பைத் தூக்கினார். திரும்பிப் பார்த்தால், மாமி சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்கிறார்.

"நீங்கள் எங்க மாமி?"

"நானும் வாறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, அந்த வளைந்த இரும்புப் படியில் எங்களுக்கு முன்னால் இறங்கினார்.

ஆற்றங்கரையில் இன்னும் வெயில் அடித்தது. அதுதான் கொடுமை. பெரிய மரங்கள் மேற்கை மறைத்திருந்தன. அங்கே நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கோ உறுமுவது மட்டும் கேட்கும். இருபது ஆண்கள்வரை வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். ஐயர் கரையில் பாய் விரித்து, பச்சரிசியும் எள்ளும் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகத் தகப்பன் பெயரைச் சொல்லவைத்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்கோ! எல்லாரும் ஏறிக் காருக்குள்ள போங்கோ! பெரிய இடி வருது!" என்று இவர் கத்தினார்.

சிலர் சிரித்தார்கள். சிவானந்தம் அண்ணை தண்ணீருக்குள் நின்றபடியே திரும்பினார். "வந்திட்டார் கிளாக்கர். டெக்காரி தண்ணிக்குள்ள தாழேக்க எங்கயடா நிண்டனீ?"

"அண்ணை, பகிடி இல்லை. நான் கண்ணால பாத்திட்டு வாறன்."

"மூண்டு வருசமாப் பாக்கிறாய். திதி முடியப்போகுது மூர்த்தி. வருசத்தில ஒருநாள் அப்பன்மாருக்குத் தண்ணி குடுக்கிறம், அதையும் குழப்பாத. தகப்பன் இருக்கிறவனுக்கு இந்தக் கரையில என்ன வேலை?"

சிரிப்பு நின்றுவிட்டது. இவர் என்னவென்று சொல்வார்? இருக்கிறார் என்றால் அங்கே அவருக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போகலாம். இல்லை என்று சொல்வதற்கு, பக்கத்தில் தாய் நிற்கிறார். நான் ஏதாவது சொல்லித் திட்டியிருப்பேன். அதற்குள் மாமி என்னைத் தாண்டித் தண்ணீர் விளிம்புவரை போய்விட்டார்.

"சிவானந்தம்" என்றார். சத்தம் போடவில்லை. "உன்ர சித்தப்பா செத்துப்போனார். எனக்குத் தெரியும். அவர் இருந்தா எனக்குக் கடிதம் போடாமல் இருக்கமாட்டார். இவனும் தகப்பன் இல்லாத பிள்ளைதான். இந்தக் கரையில நிண்டு கதைக்க இவனுக்கும் உரிமை இருக்கு. அவன் சொல்லுறதைக் கேட்டு ஏறு, ராசா."

சிவானந்தம் அண்ணை முதலில் ஏறினார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் ஏறினார்கள். ஐயர் பாயைச் சுருட்டப் பார்த்தார். காற்று அவரை முந்தி அரிசியையும் எள்ளையும் வாரிக்கொண்டு போனது. நாங்கள் கார்களுக்குள் போய்க் கதவடித்ததும் ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது. ஊறுகாய்க்குப் போடுகிற தேசிக்காய் அளவு இருக்கும். இவர் அளக்கவில்லை.

அவர்கள் ஏறாமல் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம். இடித்தது, மின்னியது, இரண்டு கிளை முறிந்தது; ஆற்றில் எதுவும் விழுந்ததாக நான் காணவில்லை. அந்தக் காருக்குள் இருந்துகொண்டு, ஒரு மின்னலாவது அந்தத் தண்ணீரில் விழாதா என்று நான் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி கொடுத்துவிட்ட விலைக்கு ஏதாவது சமானமாக இருக்கவேண்டாமா?

முன் ஆசனத்தில் இருந்த இவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "அம்மா, அவையை ஏத்துறதுக்காகத்தானே அப்படிச் சொன்னனீங்கள்?"

மாமி கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மாதானே அம்மா?"

"முதல் வருசமே நீ போவாய் எண்டு பாத்தன், தம்பி" என்றார் மாமி. "நீ போகேல்லை. உனக்கு ஏலாமக் கிடக்கு எண்டு நானும் பேசாமல் இருந்திட்டன்."

இவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்கவேண்டும்போல் கோபம் வந்தது. தாய்க்காக மகன், மகனுக்காகத் தாய். ஒரே வீட்டில், ஒரே சோற்றுப் பானையில் மூன்று வருடம்! ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதாதா? கோபத்தோடு நானும் அழுதேன்.

மழை விட்டதும் ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். திதி இன்னும் கொஞ்சம் கிடக்கிறது என்றார். மிச்சம் இருந்த எள்ளைப் பொட்டலத்தோடு சிவானந்தம் அண்ணை கொண்டுவந்தார். கார்க் கதவைத் திறந்து, தன் விரலில் இருந்த தர்ப்பையைக் கழற்றி இவருடைய விரலில் போட்டார். இவர் சேட்டும் காற்சட்டையுமாகவே ஆற்றில் இறங்கினார். ஐயர் தகப்பன் பெயரைக் கேட்டது காரில் இருந்த எங்களுக்கும் கேட்டது. இவர் சொன்னார்.

மாமி மடியில் கைவைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, கடைக்குப் போகிறவளிடம் உப்பு முடிந்ததைச் சொல்கிற குரலில் என்னைக் கேட்டார்.

"பிள்ளை, வீட்டில வெள்ளைச் சீலை ஏதும் கிடக்கோ?"

"இல்லை மாமி" என்றேன். கார் அதிரும்படியாகத்தான் சொன்னேன். "இல்லை. நான் வாங்கித் தரவும் மாட்டன்."