தவக்காலத்தில் ஒரு புகைச் சோதனை

பினாங்கில், டத்தோ கிராமட் சாலை ஓரம் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்த ஞானப்பிரகாசத்துக்கு, எந்த வண்டி மக்கர் செய்தாலும் கார்புரேட்டர்மேல்தான் சந்தேகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில், சின்னையா என்ற இளைஞன் தள்ளிக்கொண்டு வந்த வண்டியிலும் அதையே கழற்றிக் கழுவி மாட்டினார். வண்டி ஒழுங்காகக் கிளம்பும். சூடேறியதும் பேய் பிடித்தாற்போல் தானாக இரைந்து, பிறகு செத்துவிடும். பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு வெள்ளை. அப்படியென்றால் எங்கிருந்தோ வேண்டாத காற்று உள்ளே போகிறது.

இதற்குமேல் கார்புரேட்டரைத் திட்டுவது பாவம் என்று அவருக்கே தோன்றிவிட்டது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை கிராங்க் தண்டு சுற்றுகிற பெட்டி வழியாகத்தான் போகும்; அங்கேயும் காற்று கசியக் கூடாது. கசிவைக் கண்டுபிடிக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. பிஸ்டனை மேலே ஏற்றி நிறுத்தி, கார்புரேட்டர் இருந்த துவாரத்தில் ரப்பர் குழாயைச் செருகி, சுருட்டுப் புகையை உள்ளே ஊதுவார். புகை எட்டிப் பார்க்கிற இடம்தான் ஓட்டை.

ஆனால் அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. ஈஸ்டர் வரை சுருட்டைத் தொடுவதில்லை என்று மாதா முன்னால் நேர்ந்திருந்தார். எந்தத் தவக்காலத்தையும் அவர் முழுசாகத் தாண்டியதில்லை. இந்த முறை விடுவதில்லை என்று ஒரே பிடிவாதம்.

"அண்ணே, நாளைக்குக் காலையில இந்த வண்டியிலதான் போயி கெப்பாலா பத்தாஸ் ரப்பர் தோட்டத்துல வேலைக்குச் சேரணும். போகலன்னா வேற ஆள எடுத்துருவான்லா," என்றான் சின்னையா.

"அப்ப நீயே ஊது."

சின்னையாவுக்குப் புகை பழக்கமில்லை. குழாய்க்குப் போகவேண்டியது மூக்கு வழியே திரும்பியது. இருமி இருமி வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

ஒருவன் பிழைப்பா, தன் நேர்ச்சையா? ஞானப்பிரகாசத்துக்கு அழுகையே வந்தது. சிலுவை போட்டுக்கொண்டு சுருட்டை வாய்க்குக் கொண்டுபோனார்.

காப்பி கொண்டுவந்த மனைவி நவமணி அதைப் பிடுங்கினாள். கன்னம் குழிய இழுத்து, குழாயில் நிதானமாக ஊதினாள். இருமவில்லை. கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தில், அதைத் தாங்குகிற தேய்ந்துபோன வெண்கல வளையமான புஷ்ஷைச் சுற்றிப் புகை கிளம்பியது.

பொழுது சாய்வதற்குள் ஞானப்பிரகாசம் புது புஷ் கடைந்து போட்டார். வண்டி சூடேறியும் சமர்த்தாக ஓடியது. சின்னையா கும்பிட்டுவிட்டுப் போனான்.

"எப்பலேர்ந்து புள்ள?" என்று கேட்டார் மனைவியை.

"கல்யாணத்துக்கு முந்தியே."

அவர் ரப்பர் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

"நானும் ஈஸ்டர் வரைக்கும் தொடுறதில்லன்னு நேர்ந்திருந்தேன்," என்றாள் நவமணி. "உங்களோடதாவது நிக்கட்டும்."