ஆரோக்கிய பிரபுவின் ஆறு டயர்கள்

ராயப்பன்பட்டி ஆரோக்கிய பிரபு தன் லாரிக்கு ஆறு புது டயர் வாங்கினான். வாங்கிய அன்றே அவை அவனுடையவை இல்லாமல் போயின. கம்பம் லாரி ஸ்டாண்டின் சட்டம் அப்படி. அங்கே ஆளுக்கொரு வண்டி வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கிறவர்கள் பதினான்கு பேர். ஒருவனுடைய வண்டி எஃப்.சி. எடுக்க, அதாவது வருடாந்தரத் தகுதிச் சான்று வாங்கப் போகும்போது, ஸ்டாண்டில் எவனிடம் எது நல்லதாக இருக்கிறதோ அது அந்த வண்டியில் ஏறிவிடும். ஒருவன் ஹெட்லைட், இன்னொருவன் வைப்பர், வேறொருவன் முதலுதவிப் பெட்டி. சோதனை மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்கிற லாரியில் பாதி ஸ்டாண்டு இருக்கும். மறுநாள் எல்லாம் அவரவர் வண்டிக்குத் திரும்பிவிடும். தகுதி மட்டும் ஒரு வருடம் காகிதத்தில் பத்திரமாக இருக்கும்.

பிரபுவை யோக்கியன் என்று சொல்லிவிட முடியாது. முன்னொரு வருடம் கர்ணனின் சைலன்சரை மாட்டித்தான் அவன் வண்டி புகைச் சோதனையில் தேறியது. ஆகவே சுருளியாண்டி முதலில் வந்து டயர் கேட்டபோது இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பிறகு பாண்டியராஜன் வந்தான். பத்து மாதத்தில் அந்த டயர்கள் ஆறு வண்டிகளில் மாப்பிள்ளை வேஷம் போட்டுவிட்டு வந்தன.

ஒரு தடவை திரும்பி வந்த டயரில் ஒன்று தன்னுடையதுதானா என்று பிரபுவுக்குச் சந்தேகம் வந்தது. கம்பியைக் காய்ச்சி ஆறிலும் சூடு போட்டான். எல்லோரும் வண்டி எண்ணைத்தான் சூடு போடுவார்கள். இரவல் போகிற டயரில் தன் எண் இருந்தால் வாங்கிப் போனவன் மாட்டிக்கொள்வானே என்று யோசித்து, இவன் சின்னதாக ஒரு சிலுவை போட்டான். பிறருக்காக யோசித்ததுதான் அவன் செய்த தப்பு.

இந்த வருடம் அவன் முறை வந்தது. மைதானத்துக்குப் போன அன்றே சான்றுக்குக் கடைசி நாள். மறுநாள் ஓடைப்பட்டியில் திராட்சை வெட்டு ஆரம்பம். முதல் லோடுக்கு நிற்காத வண்டியை வியாபாரி அந்தப் பருவம் முழுக்கத் திரும்பிப் பார்க்க மாட்டார். பிரபு கவலைப்படவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் வண்டியைத் தன் டயரோடு மைதானத்துக்குக் கொண்டுபோனான்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். ஒரு டயரைத் தடவினார்.

"டயர் யாருது?"

"என்னுது சார்."

"இந்தச் சிலுவைய நான் அஞ்சு வண்டியில பாத்துட்டேன். ஒண்ணுல கண்ணாடி பூரா கருப்பசாமி. இன்னொண்ணுல பழனி முருகன். நாலு வண்டி வரைக்கும் ஏதோ கம்பெனி முத்திரைன்னே நெனச்சேன். போன மாசந்தான் புரிஞ்சுது."

"அவங்களுக்கு நான்தான் சார் குடுத்தேன்."

"அவங்களும் 'என்னுது சார்'னுதான் சொன்னாங்க."

"பில்லு இருக்கு சார்!"

"பில்லுல ஆறு டயர்னு இருக்கு. இந்த ஆறுன்னு எங்க இருக்கு? நாலு மணிக்குள்ள உன் சொந்த டயர மாட்டிட்டு வாப்பா."

அந்த மைதானத்தில் பன்னிரண்டு வருடமாகப் பிரபு சொன்ன பொய் ஒன்றுகூட மறுக்கப்பட்டதில்லை. முதன்முதலாக ஓர் உண்மையைச் சொன்னான், அது தள்ளுபடியானது.

மனைவி செலினுக்குப் போன் போட்டான். "ஏங்க, பேசாம வேற யாரு டயரையாச்சும் வாங்கி மாட்டிட்டுப் போங்களேன்" என்றாள்.

"மொட்ட டயரப் போட்டா ஃபெயிலு. நல்ல டயரப் போட்டா இரவலு. எதடி போடச் சொல்ற?"

பிறகு 'கம்பம் லாரி உறவுகள்' வாட்ஸ்அப் குழுவில் தொண்டை வலிக்கப் பேசி அனுப்பினான். "ஆறு பேருல ஒருத்தன் வந்து சொல்லுங்கடா, இது பிரபு டயருன்னு!"

உறவுகள் உடனே பதில் போட்டன. சுருளியாண்டி கும்பிடுகிற கை மூன்று அனுப்பினான். பாண்டியராஜன், "மனசு கேக்கல மாப்ள, ஆனா நான் குமுளி ஏத்தத்துல இருக்கேன்" என்றான். அவன் வண்டி ஸ்டாண்டில் ஜாக்கி மேல் நிற்பதைப் பிரபு காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தான். இன்னொருவன், "மாதா கைவிட மாட்டாக" என்று ஆறுதல் சொன்னான். மாதாவிடம் டயர் இரவல் வாங்கியவர்கள் மாதிரித்தான் எல்லோரும் பேசினார்கள். வாங்கினது யாரிடம்?

கர்ணனிடமிருந்து மட்டும் பதிலே இல்லை; போன் போட்டும் எடுக்கவில்லை. பிரபு எதிர்பார்க்கவும் இல்லை. இரவல் வாங்கியவர்களில் படுமோசமானவன் அவன்தான். எட்டு நாள் வைத்திருந்து, சேறு கழுவாமல் கொண்டுவந்து போட்டு, "காத்து கொறச்சலா இருந்துச்சுடா" என்று குறையும் சொல்லிவிட்டுப் போனவன்.

மூன்றரை மணிக்கு அந்தக் கர்ணனின் லாரி மைதானத்துக்குள் வந்து நின்றது. இறங்கினவன் பிரபுவைப் பார்க்காமல் நேரே இன்ஸ்பெக்டரிடம் போனான்.

"சார், இது என் வண்டி, இது என் டயரு. தொட்டுப் பாருங்க, என் தலையாட்டம் வழவழன்னு இருக்கும். போன மாசம் நீங்க பாத்தது இவன் டயரு. எட்டு நாளு வச்சிருந்தேன்னு இவன் என்னையப் பேசாத பேச்செல்லாம் பேசுனான். இரவல் வாங்குனவன் டயருக்காக அப்படிப் பேசுவானா? சொந்தக்காரன்தான் பேசுவான்."

இன்ஸ்பெக்டர் இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "உன் சான்ற நான் இப்ப ரத்து பண்ணணும், தெரியுமா?"

"தெரியும் சார்."

"இந்த டயரோட மலை ஏறிக்கிட்டு இருந்தியா?"

கர்ணன் தன் தலையைத் தடவிக்கொண்டான்.

நாலு மணிக்குப் பிரபுவின் சான்றில் கையெழுத்து விழுந்தது. புது டயர் போடும்வரை கர்ணனின் வண்டி சாலையில் ஏறக்கூடாது என்று இன்னொரு காகிதத்திலும் விழுந்தது. கேட்டுக்கு வெளியே வந்ததும் பிரபு வெடித்தான்.

"ஏலே, ஒன்னைய யாருடா வண்டியோட வரச் சொன்னா? ஆளா வந்து சொல்லக் கூடாதா?"

"ஆளா வந்து சொன்னா நம்புவாகளாக்கும்? நீ காலையில இருந்து ஆளாத்தான நின்ன. நம்புனாகளா?"

"போன எடுத்தா என்னடா?"

"எடுத்தா திட்டுவ."

மறுநாள் காலை ஸ்டாண்டில் பாண்டியராஜன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். "நம்ம ஒத்துமைய இன்ஸ்பெக்டருக்கே காட்டிட்டோம்ல!" என்றான். பிரபு தன் டீயை அப்படியே தரையில் ஊற்றிவிட்டுக் கிளம்பினான். கர்ணனைத் தோளைப் பிடித்துத் தள்ளி வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

ஸ்டாண்டுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. ஓடமுடியாமல் நிற்கிற வண்டியின் முறையை ஓடுகிற வண்டி சுமக்க வேண்டும்; அந்த லோடின் கூலி நிற்கிற வண்டிக்காரனுக்கு. ஓடைப்பட்டித் தோட்டத்தில் திராட்சைப் பெட்டிகளை ஏற்றும்போது பிரபு வியாபாரியிடம், "மொத லோடக் கர்ணன் பேருல எழுதுங்கண்ணே" என்றான்.

"எவன்டா ஒன்னையக் கேட்டான்?" என்று கர்ணன் எகிறினான். "நான் வந்தது நாயத்துக்கு. கூலிக்கு இல்ல."

"சட்டம்டா!"

"ஒன் சட்டத்தக் கொண்டுபோயி பாண்டியராஜன்கிட்டச் சொல்லு!"

"யாரு பேருல எழுதுனா என்னப்பா, பழம் வெயில்ல வதங்குது. மொதல்ல கெளப்புங்க" என்றார் வியாபாரி. கர்ணன் பேரையே எழுதிக்கொண்டார்.

அடிவாரத்து லோயர் கேம்பைத் தாண்டினார்கள். மலை ஏறத் தொடங்கி இரண்டாவது வளைவில் பிரபு கியரைக் கொஞ்சம் தாமதமாக மாற்றினான்.

"வண்டி ஓட்டுறியா, உழுகுறியா?" என்றான் கர்ணன்.

"எறங்கி நடந்து வாயேன்."

"வரேன். ஓரமா நிப்பாட்டு."

பிரபு நிறுத்தவில்லை. குமுளி செக்போஸ்ட் வரை சண்டை ஓயவில்லை.